கல்லாவுல 25, நோட்டுல 35: எங்க ஊர் எல்பி (ஆரம்ப) ஸ்கூல் டீச்சருங்களுக்கு ஒரு திறந்த மடல்

டீச்சருங்களுக்கும் மாஷுங்களுக்கும், பிடிஏ கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் யாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைகிட்ட, கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல ரோட்டோரமா மளிகைக்கடை வச்சிருக்கேன், பேனாவோ பெவிகாலோ அவசரமா வேணும்னா நாலாங்கிளாஸ் பையன் யாரையாவது ஓட விடுவீங்களே, அந்தக் கடை தான். எம்மவன் உங்ககிட்ட ரெண்டாங்கிளாஸ் படிக்கறான், தமிழ் மீடியம். சண்டை போட எழுதலீங்க, அத மொதல்லயே சொல்லிக்கறேன். நேர்ல வந்து சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன், ஒரு தடவை மதிய சாப்பாட்டு நேரம், இன்னொரு தடவை டீச்சர் யாரோ பிஆர்சில நடக்கற டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போயிருந்தாங்க, அதுவுமில்லாம நேர்ல வந்தா நான் பாதிய மறந்துட்டு "பையன் எப்படிங்க படிக்கறான்"னு கேட்டுட்டுத் திரும்பிடுவேன். அதான் எழுதியே போட்டுட்டேன், மத்த அப்பா அம்மாவும் படிக்கட்டும்.

விஷயம் கூட்டல் கழித்தல் தான். பெரும்பாலும் கழித்தல்.

போன வாரம் சாயங்காலம் எம்மவன் கணக்கு நோட்ட கல்லா மேல விரிச்சு வச்சு உக்காந்திருந்தான். கட்டம் போட்ட நோட்டு. 52, அதுக்குக் கீழ 27, ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ 35. பக்கத்துல சிவப்பு மையில தப்புன்னு ஒரு இண்டு. அந்தக் கணக்கத்தான் மறுபடி போட்டுட்டு வரச் சொல்லியிருக்கீங்க, அவனும் பென்சில கடிச்சுட்டு உக்காந்திருக்கான். அந்த நேரம் பாத்து தோப்பு வேலை முடிச்சு ஒரு அண்ணன் வந்தாரு, சோப்பும் தீப்பெட்டியும் கொஞ்சம் வெங்காயமும் வாங்குனாரு, 27 ரூவா ஆச்சு. ஒரு அம்பது ரூவா நோட்டு வச்சு அதுக்கு மேல ரெண்டு ரூவா காயின் ஒண்ணையும் வச்சாரு, மீதி குடுக்கறப்ப சிக்கலாகாம இருக்கட்டும்னு, எல்லாரும் பண்றது தானுங்களே. நான் உள்ள அரிசி அளந்துட்டிருந்தேன். எட்டிப் பாக்கறேன், பையன் சில்லறை டப்பாவுல கைய விட்டு ஒரு இருபது ரூவா நோட்டும் ஒரு அஞ்சு ரூவா காயினும் எடுத்து அவரு கைல குடுத்துட்டு மறுபடி பென்சிலக் கடிக்கறான்.

52ல 27. அதே கணக்கு. கண்ணு முன்னால நோட்டுல கெடக்கற அதே கணக்கு.

"சாமி, அவருக்கு எவ்வளவுடா குடுத்தே?"

"இருபத்தஞ்சு."

"எப்படிக் கண்டுபுடிச்சே?"

"இருபத்தேழுக்கு மூணு போட்டா முப்பது. இன்னொரு இருபது போட்டா அம்பது. அப்புறம் அவரு குடுத்த ரெண்டு ரூவா அப்படியே இருக்குதுல்ல. மூணும் இருபதும் ரெண்டும் இருபத்தஞ்சு."

"அப்ப நோட்டுல ஏன்டா 35?"

அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான், ஒண்ணுமே தெரியாதவளா இருக்கறாளேங்கற மாதிரி. "ம்மா, அது சில்லறை. இது கழித்தல்."

இதத்தாங்க உங்ககிட்ட சொல்லணும்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். சில்லறை குடுக்கறதும் கழித்தலும் ஒண்ணுதாங்கறதே அவனுக்குத் தெரியல. தப்பு அவன் மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல, நாம யாரும் அத அவன்கிட்ட சொல்லல, அவ்வளவுதான்.

சரி, 35 எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்ட எடுத்தேன், அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு." அவ்வளவு தெளிவா சொல்றான். கவனக்குறைவுன்னு நோட்டுல எழுதியிருந்தீங்க, பாத்தா கவனக்குறைவே இல்லீங்க. பெருசுல இருந்துதான் சின்னத எடுக்க முடியும்னு ஒண்ணாங்கிளாஸ்ல நீங்களும் சொன்னீங்க, வீட்ல நானும் சொன்னேன், விரல மடக்கிக் காட்டிக் காட்டி சொன்னேன். அவன் அத அப்படியே கேட்டு நடந்திருக்கான். சொன்ன பேச்ச கேட்டதுக்குத்தான் பாவம் அந்த இண்டு.

இதோட முடிஞ்சிருந்தா நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். எங்க மாமா, அதாவது என் மாமனாரு, பையனுக்கு அப்பாரு (தாத்தா), கடைக்கு வெளிய கட்டில்ல உக்காந்திருந்தாரு. "குடு நான் சொல்லித்தரேன்"னு நோட்ட வாங்கிட்டாரு. அவரு படிச்சது அந்தக் காலத்து நாலாங்கிளாஸ், ஆனா அம்பது வருஷமா கல்லாவுல உக்காந்தவரு. அவரு முறை என்னன்னா, "ரெண்டுல ஏழு போகாது, பத்து கடன் வாங்கு, பன்னண்டுல ஏழு போனா அஞ்சு. வாங்குன கடனத் திருப்பிக் குடுக்கோணும்ல? கீழ இருக்கற ரெண்டுக்கு ஒண்ணு குடு, மூணாச்சு. அஞ்சுல மூணு போனா ரெண்டு. இருபத்தஞ்சு." சரியான விடை தானுங்க. பற்று நோட்டு வச்சு யாவாரம் பண்றவருக்கு, கடன் வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்காம போறது எப்படிப் பொறுக்கும்.

நீங்க சொல்லித்தர்றது வேற. பக்கத்துல இருக்கற அஞ்சுகிட்ட கடன் வாங்கு, அஞ்சு நாலாயிடும், அத அடிச்சுட்டு மேல 4ன்னு எழுது. அங்க கடன் வாங்குனா வாங்குனதுதான், திருப்பிக் குடுக்கற பேச்சே கெடையாது.

அடுத்த நாள் எம்மவன் ரெண்டையும் சேத்துப் போட்டுட்டு வந்தான். மேல அஞ்ச அடிச்சு நாலாக்கிட்டான், டீச்சருக்காக. கீழ ரெண்ட மூணாக்கிட்டான், அப்பாருக்காக. பன்னண்டுல ஏழு போனா அஞ்சு, நாலுல மூணு போனா ஒண்ணு. 15. மறுபடி இண்டு.

மொத நாள் 35, அடுத்த நாள் 15. நோட்ட மட்டும் பாத்தா பையன் வாய்க்கு வந்தத எழுதறான்னு தான் யாருக்கும் தோணும். ஆனா 35க்கு ஒரு காரணம் இருக்கு, 15க்கு வேறொரு காரணம் இருக்கு, ரெண்டுமே யாரோ பெரியவங்க சொல்லிக் குடுத்ததுல இருந்து வந்தது. அத யாராவது "எப்படிக் கண்ணு போட்டே"ன்னு கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்திருக்கும். முப்பது புள்ளைங்க இருக்கற கிளாஸ்ல ஒவ்வொருத்தரையும் கேக்க நேரமில்லதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு புள்ளைகிட்ட மட்டும் கேட்டுப் பாருங்க, அதுல பாதி கிளாஸோட தப்பு தெரிஞ்சிடும்னு நெனக்கறேன், ஏன்னா அந்த 35 எம்மவன் மட்டும் போட்டதில்ல, அவன் கூட்டாளி ரெண்டு பேர் நோட்டுலயும் பாத்தேன்.

மாமா முறை தப்புன்னு சொல்லிடாதீங்க, அதுல ஒரு அழகு இருக்கு. எனக்கும் எம்மவனுக்கும் 27 வருஷ வித்தியாசம். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும் அதே 27 தான், ஏன்னா ரெண்டு பேருக்குமே பத்து கூடும். அவரு பண்றதும் அதேதான், மேல பத்து ஒண்ணுகளாப் போட்டு கீழ ஒரு பத்தாப் போடறாரு, ரெண்டு பக்கமும் சமமா ஏறுனதால வித்தியாசம் மாறல. "கடன்"ங்கற பேரு தான் கெடுத்துடுச்சு. யாரும் யாருகிட்டயும் கடன் வாங்கல. உங்க முறைலயும் கடன் இல்ல, ஒரு பத்து ரூவா நோட்டுக்கு சில்லறை மாத்தறோம், அவ்வளவுதான். அம்பத்திரண்டுங்கறது அஞ்சு பத்து ரூவா நோட்டும் ரெண்டு ஒத்த ரூவாயும், அதுல ஒரு நோட்ட மாத்துனா நாலு நோட்டும் பன்னண்டு ஒத்த ரூவாயும். காசு ஒரு பைசா குறையல, கூடல. "சில்லறை மாத்து"ன்னு சொன்னா எங்க ஊர்ல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குக் கூடப் புரியும்.

என் நாத்தனார் பொள்ளாச்சி பக்கம் டீச்சரா இருக்கு. இந்த 35 கதைய போன்ல சொன்னப்ப அது சிரிச்சுட்டு ஒரு விஷயம் சொல்லுச்சு, அதுலிருந்து எனக்குத் தூக்கம் வரல. பிரேசில் நாட்டுல ரெசிஃபேங்கற ஊர்ல தெருவுல யாவாரம் பண்ற பசங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 1985ல வெளிவந்தது. அஞ்சே அஞ்சு பசங்க, ஒம்பதுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும். வாங்கறவங்க மாதிரி போயி கணக்கு கேட்டப்ப 98 சதவீதம் சரியாச் சொன்னாங்களாம். அதே மாதிரி கணக்க பேப்பர்ல எழுதிக் குடுத்தப்ப 37 சதவீதம். அதுல ஒரு பையன் விக்கறது என்னங்கறீங்க? தேங்கா! ஒரு காய் 35, நாலு காய் எவ்வளவுன்னு கேட்டா, மூணு காய் 105, அதோட முப்பது 135, அஞ்சு போட்டா 140ன்னு வாயிலயே சொல்லிட்டான். அப்புறம் 35 இண்டு 4ன்னு எழுதிக் குடுத்தா 200ன்னு எழுதியிருக்கான். நாலஞ்சு இருபது, மனசுல ரெண்டு, ரெண்டும் மூணும் அஞ்சு, அஞ்சு நாலு இருபது. மனசுல வச்சத எப்பக் கூட்டணும்கறதுல கோட்ட விட்டுட்டான். ஒரு காய் 35ன்னு விக்கற பையன் நாலு காய்க்கு 200 வாங்குனா அன்னைக்கே அவன் கடைக்கு ஆள் வராது, அது அவனுக்கு நல்லாத் தெரியும், ஆனா பேப்பர்ல அந்த புத்தி வேலை செய்யல.

ரொம்ப தூரத்துக் கதைன்னு நெனக்க வேண்டாம். 2025ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில, நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சில பேரும் சேந்து நம்ம நாட்டுலயே, கொல்கத்தா டெல்லி சந்தைகள்ல வேலை செய்யற பசங்கள வச்சு இதே மாதிரி பாத்தாங்க. சந்தைல மனசுலயே கணக்கு போடறவங்க ஸ்கூல் மாதிரி எழுதிக் குடுத்தா திணறுனாங்க. ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க, எழுதற கணக்குல தேவலாம், ஆனா சந்தைக் கணக்குல முழிச்சாங்க. அதாவது ரெண்டு பக்கமும் ஒரு சுவரு. எங்க வீட்டு கல்லாவுலயும் அந்த சுவரு தான் நின்னுச்சு, நோட்டுக்கும் சில்லறை டப்பாவுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்ல.

வருஷா வருஷம் இல்லாட்டியும் அப்பப்ப வருமே, ப்ரதம்ங்கற தொண்டு அமைப்பு புள்ளைங்க படிப்பப் பத்தி எடுக்கற அசர் சர்வே, அதுல கிராமத்து மூணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு இந்த 52, 27 மாதிரி கழித்தல் தான் குடுப்பாங்க, ரெண்டு கணக்கு சரியாப் போடணும். நாடு முழுக்கப் பாத்தா 2022ல 25.9 சதவீதம் தான் போட்டாங்க, 2024ல 33.7 ஆச்சு. ஏறியிருக்கு, சந்தோஷம். ஆனா இன்னும் மூணுல ரெண்டு பேருக்கு வரல. அந்த ரெண்டு பேர்ல எத்தன பேரு வீட்டுக் கடைல, பால் சொசைட்டில, சந்தைல கணக்கு பாக்கறாங்களோன்னு தான் எனக்கு இப்ப யோசனை.

நாத்தனார் ஸ்கூல்ல 2022ல இருந்து எண்ணும் எழுத்தும்னு தமிழ்நாட்டு அரசு திட்டம் ஒண்ணு நடக்குது, ஆரம்பிச்சப்ப ஒண்ணுல இருந்து மூணாங்கிளாஸ் வரைக்கும். அரும்பு மொட்டு மலருன்னு புள்ளைங்கள அவங்கவங்க தெரிஞ்ச அளவுக்குப் பிரிச்சு உக்கார வைக்கறாங்க. அதுலயும் ஆயிரம் குறை சொல்லுது அது, ரெக்கார்ட் எழுதியே கை போகுதாம். இங்க நம்ம புக்கும் மோசமில்லீங்க, நான் புரட்டிப் பாத்த வரைக்கும் படமும் செயல்பாடுமாத்தான் இருக்கு. அவசரப்படறது நாங்க, வீட்டுக்காரங்க. "இன்னும் மேல கீழ எழுதிக் கழிக்க வரலியா"ன்னு பக்கத்து வீட்டுக்காரி கேட்டதும் டியூஷன் தேடி ஓடறோம், அங்க ஒரு பக்கம் பூரா இருபது கழித்தல், எல்லாமே கோடு போட்டு.

மேல கீழ எழுதறது வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னால ஈர்க்குச்சி கட்டு கட்டாப் புடிச்சு வெளயாடட்டும்னு தான் சொல்றேன். நம்ம பக்கம் தென்னை ஓலைக்கா பஞ்சம்? பத்துப் பத்தா எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு, அஞ்சு கட்டும் ரெண்டு உதிரியும் முன்னால வச்சு, "எனக்கு ரெண்டு கட்டும் ஏழு உதிரியும் குடு"ன்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்டுப் பாத்தேன். எம்மவன் ரெண்டு கட்ட உடனே தள்ளிட்டான். உதிரி ரெண்டுதான் இருக்கு. கொஞ்ச நேரம் மொறச்சுப் பாத்துட்டு, யாரும் சொல்லாம ஒரு கட்டோட ரப்பர் பேண்ட கழட்டிட்டான். அந்த ரப்பர் பேண்ட் கழண்டுச்சு பாருங்க, அதத்தான் நாம மூணு வாரமா "கடன் வாங்கு, அடிச்சு எழுது"ன்னு சொல்லிச் சொல்லிக் காட்ட முடியாம இருந்தோம். மிச்சம் ரெண்டு கட்டு, அஞ்சு உதிரி. 35ன்னு அவன் வாயில வரவே இல்ல, வர வழியே இல்லியே, கண்ணு முன்னால கட்டு கெடக்குது.

இதுல நம்ம பாஷை ரொம்ப உதவி பண்ணும். இருபத்தேழுன்னு சொன்னாலே இரு பத்து ஏழு, ரெண்டு கட்டு ஏழு உதிரி. பழைய தமிழ் எண்ணுல 27ஐ ௨௰௭ன்னு தான் எழுதுவாங்க, ரெண்டு, பத்து, ஏழுன்னு நடுவுல பத்துக்குத் தனி எழுத்தே உண்டு. பதினேழும் அப்படித்தான், பத்து முன்னால ஏழு பின்னால, எழுதற வரிசைலயே. இங்கிலீஷ்ல செவன்டீன்னா ஏழு முன்னால வந்துடுது, எங்க அண்ணன் பொண்ணு இங்கிலீஷ் மீடியம், செவன்டீன்னு சொன்னா 71ன்னு எழுதிட்டிருந்தா. மலையாளத்துலயும் நம்மள மாதிரியே பதினேழு, இருபத்தியேழு தான, அதனால கிளாஸ்ல எந்த பாஷை பேசற புள்ளையா இருந்தாலும் இது ஓடும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் ரெண்டு பாஷைலயும் வம்பு. தொண்ணூறுல நூறு கேக்குது, இருக்கறது என்னவோ ஒம்பது பத்து தான். எம்மவன் தொண்ணூத்தி மூணுக்கு 103 எழுதுனதுக்கு நான் அவனத் திட்டல.

பாஷைன்னதும் இன்னொண்ணு. நம்ம கிளாஸ்ல தமிழ்ப் புள்ளைங்களுக்கு நடுவுல வீட்ல மலையாளம் பேசற ரெண்டு மூணு புள்ளைங்க இருக்காங்க. மலையாளத்துல கழிச்சோன்னா சாப்பிட்டியான்னு அர்த்தம். "எட்டு மாங்காயில மூணு கழிச்சா எத்தன"ன்னு கேட்டா அந்தப் புள்ள மூணு மாங்காய தின்னுட்டு அஞ்சுன்னு சரியாச் சொல்லிடும்! விடை சரி, ஆனா கழித்தல்னா தின்னு தீக்கறது, எடுத்துக் களையறதுங்கற ஒரே அர்த்தம் மனசுல தங்கிடுது. தமிழ்ப் புள்ளைங்களுக்கும் இதே கதைதான். அப்புறம் "ராணிகிட்ட 8 மாங்கா, மீனாகிட்ட 5, ராணிகிட்ட எத்தன கூடுதல்"னு கேட்டா அங்க யாரும் எதையும் திங்கல, எடுக்கல, பத்தாததுக்கு "கூடுதல்"னு வார்த்தை வேற காதுல விழுது, புள்ளைங்க நேரா 13ன்னு போட்டுடறாங்க. கூட்டு, கூடன்னு வார்த்தை வந்தா கூட்டல், மீதி போக வந்தா கழித்தல்னு டியூஷன்ல சொல்லிக் குடுக்கற குறுக்கு வழியோட வெனை இது. அந்த குறுக்கு வழிய தயவு செஞ்சு கிளாஸ்ல விடாதீங்க. ராணியையும் மீனாவையும் எதிர் எதிர்ல நிக்க வச்சு மாங்காய ஜோடி ஜோடியா வரிசைல வைக்கச் சொல்லுங்க, ஜோடி இல்லாம நிக்கறது மூணுன்னு அதுங்களே சொல்லிடும்.

பாக்கிங்கற வார்த்தையும் எங்க கடைல தினமும் தகராறு தான். மலையாளத்துக்காரங்க "சேச்சி, பாக்கி?"ன்னா அவங்களுக்கு வர வேண்டிய மீதி சில்லறைய கேக்கறாங்க. நம்ம ஆளுங்ககிட்ட நான் "பாக்கி"ன்னா அவங்க எனக்குத் தர வேண்டியது, மூஞ்சிய திருப்பிக்குவாங்க. இத வச்சே ஒரு பாடம் நடத்தலாமுங்க, நெஜமாத்தான் சொல்றேன்.

கழித்தல்ல பின்னால எண்ணறது தான் ஒரே வழின்னு நெனச்சிருக்கோம். 62ல 3 போகணும்னா பின்னால எண்ணலாம், அறுபத்தொண்ணு, அறுபது, அம்பத்தொம்பது, முடிஞ்சுது. அதே 62ல 58 போகணும்னா அம்பத்தெட்ட பின்னாலயே எண்ணிட்டுப் போனா விடிஞ்சிடும், 58ல இருந்து முன்னால நாலு எட்டு வச்சா 62. எங்க அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகை தான். 137 ரூவா பில்லுக்கு ஐநூறு ரூவா குடுத்தா, "மூணு நூத்தி நாப்பது, அறுபது எரநூறு, முந்நூறு ஐநூறு"ன்னு சொல்லிட்டே காச எண்ணி வச்சிடும், மூணும் அறுபதும் முந்நூறும், 363. நீங்க 500ல 137ஐ மேல கீழ எழுதிப் பாருங்க, ரெண்டு சைபரத் தாண்டிப் போயி அஞ்சுகிட்ட மாத்தி, நடு சைபர பத்தாக்கி, அதுல ஒண்ண மாத்தி ஒம்பதாக்கி, எனக்கே ரெண்டு தடவை தப்பு வந்துச்சு. எங்க அத்தை பண்றது கூட்டலா கழித்தலான்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது. கணக்கு மட்டும் தப்பாது. (ஒத்த ரூவா சில்லறை இல்லாதப்ப மிட்டாய் குடுத்து சரிக்கட்டும், அந்தக் கழித்தல் மட்டும் எப்பவும் கடைக்குச் சாதகமாத்தான் இருக்கும், அத ஒத்துக்கறேன்.)

இந்த வருஷமே இத எழுதணும்னு தோணுனதுக்கு ஒரு காரணம் இருக்கு. முன்னெல்லாம் கடைக்கு வர்ற குட்டிப் புள்ளைங்க உள்ளங்கைல காச வேர்க்க வேர்க்கப் புடிச்சுட்டு வருவாங்க, மீதிய எண்ணிப் பாத்துட்டுத்தான் படி எறங்குவாங்க, ஒரு ரூவா குறைஞ்சா வீட்ல அடி விழும். இப்ப அம்மா போன எடுத்துட்டு வந்து ஜிபே ஸ்கேன் பண்ணிட்டு ஓடிடுதுங்க. எனக்கு அது சவுகரியம் தான், சில்லறைக்கு அலைய வேண்டாம். ஆனா மீதிங்கறதே இல்லாமப் போச்சு. 27 ரூவான்னா 27 தான் போகுது, 52ல இருந்து எவ்வளவு திரும்பணும்னு கேக்க ஆளில்ல. எம்மவனுக்காவது கல்லா இருக்கு, மத்த புள்ளைங்களுக்கு இனிமே அது எங்க கெடைக்கும்? ஸ்கூல்ல தான் கெடைக்கோணும்.

அப்புறம் விரல். விரல் விட்டு எண்ணுனா கைய டெஸ்க் மேல வை, மனசுல போடுன்னு சொல்றீங்கன்னு புள்ளைங்க சொல்லுதுங்க, இப்ப அதுங்க டெஸ்க்குக்கு அடியில விரல் விடுதுங்க, அவ்வளவுதான் மாத்தம். விரலே ரெண்டு கட்டு அஞ்சு தானுங்களே. அங்கன்வாடி போற எங்க பக்கத்து வீட்டுக் குட்டி ரெண்டும் ஆறும் எத்தனன்னா மொதல்ல ரெண்டு விரல், அப்புறம் ஆறு விரல், அப்புறம் ஒண்ணுல இருந்து எல்லாத்தையும் எண்ணும். ஒரு நாள் திடீர்னு ஆறுன்னு வாயால சொல்லிட்டு ஏழு, எட்டுன்னு ரெண்டு விரல் மட்டும் விட்டுச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல. பெருசுல இருந்து ஆரம்பிச்சா வேலை மிச்சம்னு அதுவே புடிச்சிருக்கு. விரலத் தடுத்திருந்தா அந்த எடத்துக்கு அது வந்திருக்குமா? வேண்டாததா ஆனா அதுவா விழுந்துடும், பால் பல் மாதிரி.

மாமா கிட்ட பேசி வச்சிருக்கேன், அவரு முறைய பையனுக்கு இப்போதைக்குச் சொல்லித்தர மாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு, அரை மனசோட. அதே மாதிரி நீங்களும் இந்த மாசம் எந்த முறைல சொல்லித்தர்றீங்கன்னு கிளாஸ் பிடிஏல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வீட்டுக்கு வீடு ஒரு முறை கலந்து 15 வராம இருக்கும். ரெண்டும் சரின்னு மூணாங்கிளாஸ்லயோ நாலாங்கிளாஸ்லயோ சொல்லிக்கலாம், அப்ப அது அவங்களுக்கு வெளயாட்டாவே இருக்கும்.

இன்னொரு யோசனை. அடுத்த கிளாஸ் பிடிஏ அன்னைக்கு அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா என் சில்லறை டப்பாவோட வந்துடறேன், எங்க அத்தையையும் கூட்டிட்டு வரேன். பத்து ரூவா நோட்டு, அஞ்சு, ரெண்டு, ஒண்ணு காயின் எல்லாம் இருக்கு. ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க நாலு பேர் கடைக்காரங்க, மீதி பேர் வாங்கறவங்க, பொருளுக்கு தீப்பெட்டியும் புளியங்கொட்டையும் போதும். ஒவ்வொரு யாவாரம் முடிஞ்சதும் அந்தக் கணக்க நீங்க போர்டுல மேல கீழ எழுதிக் காட்டுங்க, இதுதான் அதுன்னு. அப்பாருமாருங்களும் அம்மிச்சிகளும் (பாட்டிங்களும்) வந்தா இன்னும் நல்லது, அவங்க வாயில "மூணு முப்பது, இருபது அம்பது"ன்னு எண்ணறத புள்ளைங்க ஸ்கூலுக்குள்ளயே கேக்கட்டும்.

தேதி மட்டும் ரெண்டு நாள் முன்னாடி பையன்கிட்ட சொல்லி விடுங்க. சந்தை நாளா இருந்தா வேண்டாமுங்க, அன்னைக்குக் கடைய விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
ரெண்டாங்கிளாஸ் பையனோட அம்மா, மளிகைக்கடை